கோமாளிக்குப் புதுமனை புகுவிழா

வாப்பு, அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. நாலடித் தொட்டி வாங்கிட்டியாமே? பழைய தொட்டி மீனைப் புதுசுக்கு மாத்தணும், அது ரொம்பக் கூச்ச சுபாவம், என்ன செய்யலாம்னு ஊர்பூரா கேட்டுக்கிட்டுத் திரியிறியாம். கடைசியா இங்கயும் வந்துட்ட. எழுவது வருசமா மீனைக் குழம்புல மட்டும் பாத்தவன்கிட்ட மீன் வளர்க்க யோசனை கேட்டு வந்த மொத ஆளு நீதான். பரவாயில்ல. போன மாசம் மெட்ராசுல பேரன் வீட்ல பத்து நாளு கெடந்தேன். அங்கன ஒரு கூத்து நடந்துச்சு. அதைச் சொல்றேன். உனக்கு ஆகுறது எதுவோ அதைப் பொறுக்கிக்க.

பேரன் போன் போட்டான். "தாத்தா, ஞாயித்துக்கிழமை புது வீட்டுக்கு மாத்துறோம், நீங்க கண்டிப்பா இருக்கணும்"னான். வீட்ல கெழவி பதறிப்போயி, பால் காய்ச்ச ஒரு புதுப் பானை, ஒரு கிலோ வெல்லம், குத்துவிளக்கு எல்லாம் கட்டிக் குடுத்தா. நானும் பெட்டியில கெடந்த எட்டு முழ வேட்டியை எடுத்து உடுத்திக்கிட்டு, பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் போயி எறங்குனா, வீடு அதே வீடுதான். அதே ஏழாவது மாடி. புது வீடு மீனுக்காம்.

சிரிக்காத. நீயும் அந்தச் சாதிதான்.

மொத்தம் ஆறு மீனு. மஞ்ச ஒடம்புல மூணு கறுப்புப் பட்டை, செவந்த வாலு. மொகரம் பண்டிகைக்குப் புலி வேசம் கட்டுன ஆளு மாதிரி இருந்துச்சு. பேரு க்ளவுன் லோச்சாம். க்ளவுன்னா கோமாளி. பேரன் அதோட பூர்வீகத்தை ஒப்பிச்சான். சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஆத்து மீனு. 1852ல ப்ளீக்கர்னு ஒரு டச்சுப் பட்டாளத்து டாக்டரு அதைப் பத்தி எழுதி, பேரும் வச்சாராம். நான் முட்டி வலிக்கக் குனிஞ்சு பாத்தேன். வாயோரத்துல பூனைமசுரு மாதிரி மீசை. தரையை மோந்துக்கிட்டே போகுது. ஆளு நிழலு பட்டாச் சட்டுனு ஒளியுது. எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு யோசிச்சேன்.

"ஏண்டா, இது நம்ம கம்மாய் அயிரைதானடா?"

பேரன் மூஞ்சி செத்துப்போச்சு. மீனு ஒண்ணு அறுநூறு ரூவா குடுத்து வாங்கியிருக்கான். போனைத் தடவித் தடவிப் பாத்துட்டு, "ஆமா தாத்தா, தூரத்துச் சொந்தம்தான்"னு மெல்ல ஒத்துக்கிட்டான். அயிரைன்னா உசுரோட வாங்கியாந்து, தேங்காப்பால்ல கொஞ்ச நேரம் நீந்தவிட்டு, மண்ணைக் கக்கவச்சுத்தான நாம குழம்பு வைப்போம்? "இதுக்கும் ஒரு மூடி தேங்காய் துருவவா?"ன்னு கேட்டேன். பேரன் பொண்டாட்டி அதுக்கப்புறம் ரெண்டு நாளு என்னைத் தொட்டிப் பக்கம் தனியா விடவே இல்ல.

ஒண்ணு சொல்லிப்புடுறேன். பெரிய தொட்டிக்கு மாத்துறது தப்பில்ல. வாங்குறப்ப இந்தக் கோமாளி சுண்டுவெரலு தண்டி. அது ஒரு அடி வரைக்கும் வளருமாம். அதை ரெண்டடித் தொட்டியில, 55 லிட்டர் தண்ணியில அடைச்சு வச்சா, பெரிய காளையைக் கோழிக்கூண்டுல கட்டுன கதைதான். நாலடியே இப்போதைக்குத்தான். இன்னும் வளந்தா ஆறடி வேணும். இருபது வருசம், அதுக்கு மேலயும் உசுரோட இருக்கும்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பேரன் வீட்டுக் கடனும் இருபது வருசம்தான். ரெண்டுல எது முந்தி முடியும்னு பாக்க நான் இருக்க மாட்டேன். நீ இருப்ப, பாத்துச் சொல்லு.

சரி, கூத்துக்கு வாரேன். நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உசரம். 250 லிட்டர் தண்ணி. கண்ணாடி, மணலு, கல்லு எல்லாம் சேத்தா நாலு நெல்லு மூட்டைக்கு மேல பாரம். அதுக்கு இரும்புல ஸ்டாண்டு, கண்ணாடிக்கு அடியில தெர்மாகோல். அதெல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சிருந்தான். அதுக்கு மேலதான் புத்தி கெட்டுப்போச்சு. உள்ள பிளாஸ்டிக்ல ஒரு கோட்டை. முங்கிப்போன கப்பல் ஒண்ணு. வாயத் தொறந்து மூடுற மண்டையோடு. பின்னாடி பவளப்பாறைப் படம். ஆத்து மீனுக்கு எதுக்குடா கடல் படம்? நெல்லு வெளையிற ஊருல பொறந்தவனைப் பாலைவனத்துப் படத்துக்கு முன்னாடி உக்காரவச்சு, "ஊரு ஞாவகம் வருதா?"ன்னு கேட்ட மாதிரி இருக்கு. மேல நீல வெளக்கு ஒண்ணு. கல்யாண மண்டபத்துல மணமேடைக்கு அடிப்பாங்களே, அந்த வெளிச்சம். மீனுக்குக் கண்ணு இமை கெடையாதுப்பு. பளிச்சுனு போட்டா மூடிக்க முடியாது. நமக்கு டார்ச்சு அடிச்சாக் கையை வச்சு மறைக்கிறோம். அது எதை வச்சு மறைக்கும்?

சாயங்காலம் ஆறு மணிக்கு நல்ல நேரம் பாத்து முப்பது பேரு வந்துட்டாங்க. பிரியாணி. கேக்கு. புள்ளைக கண்ணாடியைத் தட்டி "ஹாய்"ங்குது. மீனுக்கு ஒடம்போட ரெண்டு பக்கமும் ஒரு கோடு ஓடுதாம். தண்ணியில வர்ற சின்ன அதிர்வையும் அது அதுலதான் உணருமாம். நீ வெரலால தட்டுறது அதுக்குக் காதுகிட்ட உறுமி அடிக்கிற மாதிரி.

பேரன் வலையை எடுத்தான். பழைய தொட்டிக்குள்ள விட்டுத் துரத்துனான் பாரு, ஜல்லிக்கட்டு தோத்துப்போகும்! அரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு மீனு மாட்டுச்சு. மாட்டுனதுல ஒண்ணை வலையில இருந்து எடுக்க முடியல. கோமாளிக்குக் கண்ணுக்குக் கீழ ஒரு முள்ளு உண்டு. பயந்தா அதை வெளிய நீட்டிக்கும். அது வலைக்கண்ணுல போயி கொக்கி மாதிரி மாட்டிக்கிச்சு. கத்திரிக்கோலு கொண்டாந்து வலையை வெட்டி எடுத்தாங்க. அயிரைக்கும் அந்த முள்ளு இருக்கு. கம்மாய்ல அயிரை அள்ளுன எந்தப் பயலைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். யாரு கேட்டா?

நம்ம ஊருல மீன்பிடித் திருவிழா எப்ப நடக்கும்? கம்மாய் நெறஞ்சு தளும்புறப்பவா? தண்ணி முழங்காலுக்கு வத்துன பொறவுதான? அப்பத்தான ஊத்தாவைத் தூக்கிக்கிட்டு ஊரே எறங்குது? ரெண்டடித் தொட்டிக்கும் அதே கணக்குதான். முதல்ல குழாய் வச்சுத் தண்ணியை நாலு வெரக்கடை ஒசரத்துக்கு எறக்கணும். எறக்குற தண்ணியைச் சாக்கடையில விடாம வாளியில பிடிச்சு வச்சுக்கணும். அப்புறம் பிளம்பர் மிச்சம் வச்சுட்டுப் போன பிவிசி பைப்பு ஒரு முழம் இருக்குமே, அதை உள்ள போடு. வெளக்கை அணை. காப்பித்தண்ணி குடிச்சிட்டு வா. கூச்சப்பட்ட மீனு எங்க போயி ஒளியும்? பைப்புக்குள்ளதான். ரெண்டு பக்கமும் உள்ளங்கையை வச்சு மூடித் தூக்கு. முடிஞ்சது சோலி. சுமத்ராவுல ஆத்துல மூங்கில் குழாயைப் போட்டு வச்சுத்தான் இதோட குஞ்சுகளைப் பிடிப்பாங்களாம். இதையும் அந்தப் பயதான் ஒப்பிச்சான். வாய்ல இருந்தது கைக்கு வரல.

மிச்ச நாலையும் நான் பைப்பு வச்சுத்தான் எடுத்தேன். முப்பது பேரும் கை தட்டுனாங்க. மீனுக மறுபடி ஒளிஞ்சிருச்சு.

புதுத் தொட்டியில விட்டதும் ஆறும் போன எடம் தெரியல. கோட்டையில இல்ல. கப்பல்ல இல்ல. ஃபில்டருக்குப் பின்னாடி ஒரு கை நொழையாத சந்துல ஆறும் ஒண்ணுமேல ஒண்ணாச் செருகிக்கிட்டுக் கெடந்துச்சு. அம்புட்டு செலவழிச்சுக் கட்டுன அரண்மனையில அதுகளுக்குப் பிடிச்சது அந்தக் கொல்லைப்புறச் சந்துதான். ராத்திரி ஒண்ணு வெளிய வந்து மணல்ல ஒருக்களிச்சுச் சாஞ்சிருச்சு. பேரன் பொண்டாட்டி ஓன்னு அழுதுட்டா. "செத்துப்போச்சு மாமா!" மாமான்னா நானில்ல, என் மகன். அவன் வேற போனை எடுத்து எவனையோ கூப்பிடுறான். நான் பக்கத்துல போனேன். செவுளு அசையுது. இந்த மீனு அப்படித்தான் தூங்குமாம், பொரண்டு படுத்து. ஒருக்களிச்சுப் படுக்குறது மனுசனுக்கு மட்டும்தான்னு பட்டா போட்டுக் குடுத்திருக்கா?

இனிமேத்தான் அப்பு விசயமே இருக்கு. காதைக் குடு.

மூணாம் நாளு மீனுக மேல வந்து வாயை வாயைத் தொறக்குது. பேரன் ஒரு சின்னக் குப்பியில தண்ணியை எடுத்து மருந்துத்துளி விட்டுப் பாத்தான். பச்சையாயிருச்சு. அம்மோனியாவாம். "தண்ணி புதுசுதான, சுத்தமாத்தான இருக்கு?"ங்குறான். ராத்திரியோட ராத்திரியா யோசனை கேட்டு, மறுநாள் என்னையும் இழுத்துக்கிட்டுக் கொளத்தூருக்குப் போனான். வண்ண மீனுக்குப் பேர்போன எடம். தெருத் தெருவா மீன் கடைதான். ஒரு கடையில பாட்டிலைக் காட்டுனான், உள்ள நல்ல பாக்டீரியா இருக்காம். இன்னொரு கடையில வேற பாட்டிலு. மூணாவது கடையில என் வயசுல ஒரு பெரியவரு, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பேரனை ஏற எறங்கப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"பழைய பஞ்சு எங்க?"

பேரன் முழிச்சான். பழைய தொட்டியில ஓடுன ஃபில்டர் பஞ்சு. "அது அழுக்கு, தூக்கிப் போடணும்"னான். பெரியவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. உங்காத்தா தயிருக்கு என்ன செய்யிறா? கடையில போயி தயிர்ப்பூச்சி ரெண்டு குடுன்னா கேக்குறா? நேத்துத் தயிருல ஒரு கரண்டி எடுத்து இன்னைக்குப் பால்ல விடுறா. உறை. அம்புட்டுதான். மீனு இருந்து மோளுற எடத்துல அம்மோனியா சேரும், அது வெசம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒண்ணு அதைத் தின்னு நைட்ரைட்டா மாத்தும். அதுவும் வெசம்தான். இன்னொரு பூச்சி அதை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு மோசமில்ல. செடிக்கு உரம், வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்துனாப் போயிரும். இந்தப் பூச்சிக எங்க குடியிருக்கு? அந்த அழுக்குப் பஞ்சுலதான். புதுத் தொட்டியில தானாக் குடியேற விட்டா நாலு வாரம் ஆறு வாரம் ஆகும். மீனு அது வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குமா?

அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கொதிக்கிற பால்ல உறை ஊத்துனா என்னாகும்? தயிரு ஆகாது, பாலு வீணாப் போகும். அது மாதிரி பஞ்சைக் கொழாத் தண்ணியில கசக்கிப் புழிஞ்சா, அந்தக் குளோரின்ல பூச்சி செத்துரும். பழைய தொட்டித் தண்ணியிலயே லேசா ஒரு அலசு. அதுக்குத்தான் வாளியில பிடிச்சு வையின்னேன். புதுத் தொட்டிக்கு ஊத்துற தண்ணியையும் ஒரு நாளு காத்து மோட்டாரு போட்டுத் தொறந்து வச்சிருக்கணும். இல்லாட்டி குளோரின் முறிக்கிற மருந்து கடையில கெடைக்கும், அதை விடணும்.

நல்ல காலம், பேரன் சோம்பேறி. பால்கனிக்குத் தள்ளுன பழைய தொட்டியில மோட்டாரை அணைக்க மறந்துட்டான். பஞ்சு இன்னும் நுரையைக் கக்கிக்கிட்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அதை அப்படியே புதுத் தொட்டி மூலையில நட்டோம். பேரன் பொண்டாட்டிக்கு அந்தக் கறுத்த பஞ்சு கண்ணை உறுத்துச்சு. "போட்டோவுல வரும் தாத்தா." வரட்டுமே! கூடவே தெனமும் கொஞ்சம் தண்ணி மாத்துனோம். சில நாள்ல குப்பித் தண்ணி மஞ்சளுக்கு வந்துருச்சு. அதுதான் நல்ல கலராம்.

தண்ணிச் சூட்டைப் பத்தியும் கேளு. நம்ம கம்மாய்க்கு மீன்வளத்துறைக்காரங்க குஞ்சு கொண்டாந்து விடுறப்பப் பாத்திருக்கியா? காத்தடைச்ச பாலித்தீன் பை. கொண்டாந்த ஒடனே அவுத்துக் கொட்டுறாங்களா? பையோட தண்ணியில மிதக்கவிட்டு, பீடி ரெண்டு குடிக்கிற நேரம் ஒக்காந்திருப்பாங்க. உள்ள சூடும் வெளிச் சூடும் ஒண்ணாகணும். அப்புறம் கொஞ்சம் கம்மாய்த் தண்ணியைப் பைக்குள்ள விட்டு, பொறவு அதுகளாப் போகட்டும்னு சரிப்பாங்க. அம்புட்டு லட்சம் குஞ்சுக்கே அந்தப் பொறுமை உண்டு. கையளவு மீனுக்கு உனக்கு இல்லையா?

பேரன் வீட்ல இன்னொரு வேடிக்கை. ஹாலு பூரா ஏசி, பதினெட்டுல வச்சிருக்கான். கோமாளிக்கு 25ல இருந்து 30 வரைக்கும் சூடு வேணுமாம். அதுக்காகத் தொட்டிக்குள்ள ஹீட்டர். ஒரு பக்கம் குளுர வைக்க ஒரு மிசினு, இன்னொரு பக்கம் சுட வைக்க ஒரு மிசினு. நடுவுல கரண்டு பில்லு கட்ட ஒரு பேரன். காலையில ஏசியை நிறுத்துனாச் சூடு ஏறும், ராத்திரி எறங்கும். இடம் மாறுன மீனுக்கு இப்படிச் சூடு ஏறி எறங்குனா ஒடம்புல உப்பைத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். அதுவும் இந்த மீனுக்குச் செதிலு இருக்கா இல்லையான்னே தெரியாது, அம்புட்டுப் பொடிசு. சீக்குப் பிடிக்கவும் வெரசு, மருந்து தாக்கவும் வெரசு. அதனால வரும் முன் காப்போம்னு நாலு மருந்தைக் கலந்து ஊத்திப்புடாத. மெட்ராசு வெயில்ல ஹால்ல ஏசி இல்லாட்டி ஹீட்டரே வேண்டாமே. ஆனா அதைச் சொன்னா என்னை மொட்டை மாடியில படுக்கச் சொல்லுவான்னு விட்டுட்டேன்.

கூச்சத்துக்கு வாரேன். நீ கேட்டது அதுதான.

நாத்தைப் பிடுங்கி நட்டதும் நிமுந்தா நிக்குது? மூணு நாளு துவண்டுதான் கெடக்கும். அப்புறம் பச்சை பிடிக்கும். எவனாவது தெனமும் வேரைப் புடுங்கிப் பாத்து "பிடிச்சிருச்சா?"ங்குறானா? பேரன் கேக்குறான். காலையில ஒரு தரம் கல்லைத் தூக்கிப் பாக்குறான், கோட்டையைத் தூக்கிப் பாக்குறான், ஆறும் இருக்கான்னு எண்ணுறான். எண்ணி முடிச்சுட்டு, "இன்னும் பயப்படுது தாத்தா"ங்குறான். கூரையைப் பேத்து எட்டிப் பாத்தா நீ பயப்படமாட்டியா?

கோட்டையையும் கப்பலையும் எடுக்கச் சொன்னேன். மண்டையோட்டை எடுக்கப் பேரனுக்கு மனசில்ல. அது இருந்துட்டுப் போகட்டும், அதோட மோட்டாரை மட்டும் நிறுத்துன்னேன். பழைய தொட்டியில கெடந்த கல்லும் கட்டையும் அப்படியே உள்ள போச்சு, கழுவாம. பிவிசி பைப்பு மூணு. நாலு கொத்துச் செடி. அப்புறம் காஞ்ச பாதாம் இலை போடணும்னு பேரன் ஒரு பாக்கெட்டு வாங்கியாந்தான். பத்து இலை, நூறு ரூவா. தண்ணி டீத்தண்ணி நெறமாகும், மீனுக்குக் காட்டாத்துல இருக்க மாதிரி தெரியும், கூச்சம் தெளியும். நெசம்தான், நானே பாத்தேன். ஆனா அந்த இலையைப் பாத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. நம்ம பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்குதே நாட்டு வாதுமை மரம், தெனம் ஆயா கூட்டி எரிக்கிறாளே, அந்த இலைதான்! நாம எரிச்ச காசுக்கு ஏழாவது மாடியில ரெண்டு வீடு வாங்கியிருக்கலாம்.

முத நாளு தீனி போடாத. பசி எடுத்தா அதுவே தேடி வரும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்து, தவணை முறையில மாத்தாத. இது கூட்டமா இருந்தாத்தான் தெம்பா இருக்கும், தனியா விட்டா அந்தச் சந்துலயே காலத்தைக் கழிச்சிரும். மேல மூடி போடு, மெரண்டாத் துள்ளும். கொளத்தூர்ப் பெரியவரு இன்னொண்ணும் சொன்னாரு. கூச்சமில்லாத சின்ன மீனு நாலஞ்சு கூட விட்டா, அதுக பாட்டுக்கு மேல சுத்துறதைப் பாத்து, ஆபத்தில்லன்னு இதுகளும் வெளிய வருமாம். புதுப் பொண்ணு வீட்டுக்கு வந்தா, வாயாடி நாத்தனார் ஒருத்தி பக்கத்துல இருந்தா வெக்கம் வெரசாத் தெளியுமே, அந்தக் கணக்கு.

வெளக்கை நாலு நாளைக்கு அணைச்சே வையின்னேன். கண்ணாடி நாலு பக்கமும் துணி போட்டு மூடுன்னேன். பேரன் அதுக்குன்னே விக்கிற கறுப்புத் தாளு ஏதோ ஆர்டர் போட்டான், வர நாலு நாளாகும்னான். மீனு அது வரைக்கும் நிக்குமா? எட்டு முழ வேட்டியை அவுத்துக் குடுத்தேன். நாலடித் தொட்டிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி சரியா இருந்துச்சு. முன்பக்கம் மட்டும் ஒரு முழம் ஒதுக்கிவிட்டோம். நான் பேரனோட கைலியைக் கட்டிக்கிட்டேன், பூப்போட்டது.

ஏழாம் நாளு விடியக்காலம் மூணு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியா விழுந்துச்சு. ஆறும் வெளிய வந்து, மணலை மோந்துக்கிட்டு, ஒண்ணு பின்னால ஒண்ணு ஓடிக்கிட்டுத் திரியுது. கிட்டப் போனா "டிக், டிக்"னு சத்தம் கூடக் கேட்டுச்சு. இந்த மீனு அப்படி ஒரு சொடக்குப் போடுமாம். நான் மூச்சு விடாம நின்னேன். பேரனை எழுப்பலாமான்னு நெனச்சேன். எழுப்புனா போனோட வருவான். வெளக்கைப் போடுவான். நான் எதுக்கு வம்புன்னு போயிப் படுத்துட்டேன்.

ஊருக்குக் கெளம்புறப்ப வேட்டியைக் கேட்டேன். "இன்னும் பத்து நாளு இருக்கட்டும் தாத்தா, இப்பத்தான் வெளிய வருதுக"ன்னான். அதான் பூப்போட்ட கைலியோட மதுரை ஜங்ஷன்ல எறங்குன கதை. கெழவி இன்னும் சிரிச்சு முடிக்கல.

உன் தொட்டிக்கும் துணி வேணும்தான? உங்க தாத்தன் வேட்டி நாலு கொடியில காயுது பாரு, அதுல ஒண்ணை எடுத்துக்க. என் வீட்டுக் கொடிப்பக்கம் பார்வையைத் திருப்புன, ஒரு மூடி தேங்காயைத் துருவிக்கிட்டு உன் தொட்டிக்கு வந்துருவேன்.